மௌனியைத் தேடினால் மெளனி கிடைக்க மாட்டார்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகம், பெயர் வேண்டாம். போன ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே மௌனியின் சிறுகதைத் தொகுப்பைத் தேடி அங்கே போனேன். கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால் பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. கவுண்டரில் இருந்த அண்ணாச்சி, முப்பது வருஷத்துக்குப் பக்கமாக அந்த அறையிலேயே இருப்பவர், திரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மூணாவது ரேக்குல மேல இருந்து ரெண்டாவது தட்டு, போய் எடுங்க தம்பி" என்றார். போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு பிரதி இருந்தது.

"அப்போ கம்ப்யூட்டர் ஏன் இல்லேங்குது அண்ணாச்சி?"

"அது தெரியல தம்பி. புஸ்தகம் இருக்குல்லா, எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் திரும்பப் போய், புத்தகத்துக்கு நூலகம் கொடுத்திருக்கும் அக்சஷன் நம்பரைப் போட்டு அந்தப் பதிவைத் திறந்து இரண்டு பேருமாகப் பார்த்தோம். கண்ணுக்குப் பெயர் சரியாகத்தான் இருந்தது. விஷயம் என்னவென்றால், ஔகாரக் குறிக்கு, கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், தனியாக ஒரு குறியீடு உண்டு. பதிவை ஏற்றியவர் அதைப் போடாமல், ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து அதற்குப் பக்கத்தில் ள என்ற எழுத்தை அடித்திருந்தார். திரையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பிரிண்ட் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் கணினிக்கு ஒன்று மௌனி, மற்றது மெ-ள-னி. ஔவையாரும் இப்படித்தான் பல பட்டியல்களில் ஒ-ள-வையாராக உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீவைகுண்டத்துக்கு இன்னும் சிக்கல்: அந்த 'ஸ்ரீ'யை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் வந்த ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம், இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவமாகத்தான் தெரியும். திருவைகுண்டம் என்று எழுதுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். ஓர் ஊர், கணினிக்கு மூன்று எழுத்துவரிசை, மூன்று தேடல் முடிவு.

நூலகப் பட்டியலின் எதிர்காலம் என்று பேச்செடுத்தாலே இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவில்தான் போய் நிற்கிறார்கள். அது வரட்டும், வேண்டியதுதான். எனக்குச் சொல்ல இருப்பது அதற்கு முந்தைய விஷயம். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேரும், எந்த ஊர் எந்த ஊராக மாறியது, எந்தச் சொல்லால் நம் ஜனங்கள் ஒரு பொருளைத் தேடுவார்கள் என்ற விவரமெல்லாம் தமிழைப் பொறுத்தவரை இன்னும் ஆட்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அது பதிவாக இறங்காதவரை எவ்வளவு புது முறை வந்தாலும் அலமாரியில் இருக்கும் புத்தகம் வாசகர் கைக்குப் போகாது.

மெட்டாடேட்டா, மீத்தரவு, மேனிலைத் தரவு என்று பல பெயர் வைத்திருக்கிறோம். புத்தகத்தைத் திறக்காமலே அதை அடையாளம் காண உதவும் விவரம், அவ்வளவுதான். பழைய நூலகங்களில் மர இழுப்பறை இருக்குமே, உள்ளே அட்டைகள் அடுக்கி, அவற்றின் ஓட்டைகள் வழியே ஒரு கம்பி ஓடும், அந்த அட்டையில் இருந்ததுதான் இது. அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் 1901இலேயே அட்டைகளை அச்சடித்து மற்ற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்தது. 1960களில் அதே நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி அட்டையில் இருக்கும் விவரத்தைக் கணினி படிக்கிற மாதிரி ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதுதான் மார்க். 100 என்ற புலத்தில் ஆசிரியர், 245இல் தலைப்பு, 650இல் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் எண். நம்மூர்க் கல்லூரிகளில் ஓடும் கோஹா என்ற நூலக மென்பொருளுக்குள்ளும் இன்றைக்கும் இதே எண்கள்தான். மார்க் பிறந்த காலத்தில் அதன் முக்கிய வேலை அட்டை அச்சடிப்பதாக இருந்ததால் அட்டையின் குணம் அப்படியே அதற்குள் ஒட்டிக்கொண்டது: ஒரு புத்தகம், ஒரு அட்டை, அதில் மனிதர் படிப்பதற்கான வரிகள். நூலகங்களுக்குப் பட்டியல் சேவை தரும் ஓ.சி.எல்.சி. நிறுவனம் தன் கடைசி அட்டையை அச்சடித்தது 2015 அக்டோபரில்தான் என்றால் அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதில் தமிழுக்கு நடந்தது தனிக்கதை. மார்க்குக்கு முதலில் இருந்த எழுத்துத் தொகுதியில் சிரிலிக்குக்கு இடம் இருந்தது, அரபிக்கும் ஹீப்ருவுக்கும் சீனத்துக்கும் இருந்தது, இந்திய எழுத்து ஒன்றுக்குக்கூட இல்லை. 1962இலிருந்து, அமெரிக்கா இங்கே விற்ற தானியத்துக்குக் கிடைத்த ரூபாயில் புத்தகம் வாங்கிய பி.எல்.480 திட்டத்தின் கீழ் தமிழ்ப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின, நல்ல விஷயம், இங்கே அழிந்துபோன சில புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் பதிவுகளெல்லாம் ரோமன் எழுத்தில்தான். அதற்கென்று ஒரு விதி உண்டு: க என்றால் எப்போதும் கே, ழ என்றால் எல் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு. தமிழில் க-வுக்கு ஒரே எழுத்து என்பதால் தமிழ்த் தலைப்பில் வரும் காந்தி கே-யில் தொடங்குவார். விதி தவறு என்று சொல்ல மாட்டேன், எழுத்தை மீட்டெடுக்க முடிகிற நேர்மையான விதி அது. ஆனால் திருநெல்வேலிக்காரர் யாராவது அந்தப் பட்டியலில் காந்தியைக் கே போட்டுத் தேடுவாரா? திருநெல்வேலியையே எச் போட்டும் போடாமலும் எழுதுகிறோம், வெள்ளைக்காரன் வைத்த தின்னவெல்லி வேறு பழைய ஆவணமெல்லாம் நிறைந்திருக்கிறது. யூனிகோடு வந்த பிறகுதான் தமிழ் எழுத்தே பதிவுக்குள் நுழைய முடிந்தது. அதற்குள் இங்கே பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்து முடித்திருந்தோம். அவற்றை மாற்றும்போது நழுவிய எழுத்துகள் இன்னும் எத்தனையோ பதிவில் கட்டம் கட்டமாக நிற்கின்றன.

சரி, எழுத்தைத் திருத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் பெயர்.

நூலகவியலுக்கே ஐந்து விதி வகுத்த ரங்கநாதன் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். என்பதில் ஒன்று ஊர், இன்னொன்று அப்பா பெயர். மேல்நாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எது, முதல் பெயர் எது என்று கேட்கும். நமக்கு இரண்டுமே கிடையாது, இருப்பது ஒரு பெயரும் அதற்கு முன்னால் சில புள்ளி வைத்த எழுத்துகளும். அந்த எழுத்துகளும் தமிழில் ஒரு மாதிரி, ஆங்கில ஒலியில் ஒரு மாதிரி. இதோடு நெல்லைச் சீமையின் புனைபெயர்ப் பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரகுநாதன், சிதம்பர ரகுநாதன், தொ.மு.சி. ரகுநாதன் மூவரும் ஒருவரே. கவிதை எழுதினால் அவரே திருச்சிற்றம்பலக் கவிராயர். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனது ஊருக்கே தெரியும், ஆனால் ரசமட்டமும் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையும் அவர்தான் என்பது பட்டியல் போடுகிற பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? எஸ். கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி.

இதைச் சமாளிக்கத்தான் பெயர் ஆணைக்கோப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் அத்தாரிட்டி ஃபைல் என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு தலைமைப் பெயர், மற்றதெல்லாம் 'பார்க்க' என்று அதற்குக் கை காட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைய எழுத்தாளர் ஒருவர் வேண்டுமென்றே இரண்டு பெயரில் இரண்டு விதமாக எழுதினால், இரண்டையும் ஒன்றாக அடிக்கக் கூடாது, இரண்டு தனி ஆளுமையாகவே வைத்து 'இதையும் பார்க்க' என்று இணைக்க வேண்டும் என்கிறது பதிவு விதி. அதாவது வண்ணதாசனைக் கல்யாண்ஜிக்குள் கரைக்கக் கூடாது. எழுத்தாளர் செய்த தேர்வுக்குப் பட்டியலிலும் மரியாதை.

எதிர்காலம் என்று எதைச் சொல்கிறார்களோ அதன் முதல் அடி இங்கேதான் இருக்கிறது. பெயரை எழுத்துக்கூட்டாக நம்பியிருப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவது. அந்த எண்ணுக்குக் கீழே தமிழில் பத்து எழுத்துமுறை, ரோமனில் பத்து, எதை அடித்தாலும் அந்த எண்ணில் போய் முட்டும். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்க் கோப்புகளை ஒன்றாகத் தைக்கும் வயாஃப் 2003இல் தொடங்கியது. 2012இல் வந்த விக்கிதரவு இன்னும் தாராளம், யார் வேண்டுமானாலும் ஒரு ஆளுக்கு எண் உண்டாக்கி மாற்றுப் பெயர்களைத் தமிழிலேயே சேர்க்கலாம். சுவீடனின் தேசிய நூலகம் 2018இல் தன் முழுப் பட்டியலையும் இப்படி எண்களால் இணைந்த தரவாக மாற்றிவிட்டது. காங்கிரஸ் நூலகம் 2012இலிருந்து பிப்ஃபிரேம் என்ற பெயரில் மார்க்குக்கு மாற்று ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் புது வடிவங்களுக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 1998இல் முன்வைத்து 2017இல் திருத்தியது. பாடப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். வில்லுப்பாட்டை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும். சுடலைமாடன் கதை என்று ஒன்று இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாமல் இந்த மண்ணில் பல தலைமுறையாக ஓடுகிறது. அது ஆக்கம். ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு குழு வந்து ராத்திரி முழுக்க அதைத் தன் பாணியில் பாடுகிறது, இன்னொரு ஊரில் இன்னொரு குழு மயானக் காண்டத்தை நீட்டியும் மற்றதைச் சுருக்கியும் பாடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு வெளிப்பாடு. அந்தப் பாட்டை யாரோ பதிவு செய்து கேசட்டாகப் போடுகிறார், பின்னால் அதுவே குறுந்தகடாக வருகிறது. இவை வெளியீடுகள். உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் அந்த ஒரு கேசட், அது பிரதி. ஆக்கம், வெளிப்பாடு, வெளியீடு, பிரதி, நான்கு படி. பழைய அட்டை முறையில் கேசட்டுக்கு ஒரு அட்டை, ஏட்டுக்கு ஒரு அட்டை, அச்சுப் புத்தகத்துக்கு ஒரு அட்டை என்று ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் கிடக்கும். ஆசிரியர் புலத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் குழுத்தலைவர் பெயரைப் போட்டுவைப்பார்கள். புது முறையில் கதை மேலே நிற்கும், கீழே எல்லாம் அதில் தொங்கும். பாடினவர் பாடினவராகவும், சுவடியில் எழுதினவர் எழுதினவராகவும், பதிப்பித்தவர் பதிப்பித்தவராகவும் இருப்பார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. குமரி வரைக்கும் இந்தப் பக்கம் களப்பணி செய்து பதிவுகள் சேர்த்த எத்தனையோ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்த நான்கு படி முறையால் உலகத்தில் யாருக்காவது லாபம் என்றால் முதலில் நமக்குத்தான் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். ஷேக்ஸ்பியரின் மொழிபெயர்ப்புகளை அடுக்க யோசித்ததுபோலத் தெரியும் ஒரு சட்டகம், கோயில் கொடைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஊர்ப்பெயர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். திருநெல்வேலி ஜில்லா என்று பொருள்தலைப்பு, அதாவது எதைப் பற்றிய புத்தகம் என்று சொல்லும் தலைப்பு, போட்ட ஒரு 1950களின் புத்தகத்தில் கோவில்பட்டியும் எட்டயபுரமும் திருச்செந்தூரும் உள்ளே இருக்கும். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தனி மாவட்டமானது. மிச்சம் இருந்தது கொஞ்ச காலம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாக இருந்து, 1997இல் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது மறுபடி திருநெல்வேலி ஆனது, 2019இல் தென்காசி பிரிந்தது. பதிவில் வெறும் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தால் அது எந்தத் திருநெல்வேலி? இடத்துக்கும் எண் கொடுத்து, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று காலத்தையும் எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

பொருள்தலைப்பு இதைவிடக் கஷ்டம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், அதை ஒட்டிக் குளம், மடை, மறுகால், பாசனம் பார்க்கிற மடையன் என்று ஒரு முழு அகராதியே இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. இதைப் பற்றிய புத்தகத்துக்கு நாம் போடுவது 'நீர்ப்பாசனம் - இந்தியா'. ஏனென்றால் கையில் இருப்பது காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியல் அல்லது அதன் சுருக்கம். தமிழில் எல்லா நூலகமும் ஒத்துக்கொண்ட ஒரு பொருள்சொற் பட்டியல் நமக்கு இல்லை. தமிழ் இலக்கியத்துக்கு டூயி பகுப்புமுறை கொடுத்த 894.811ஐயும் தன் கோலன் பகுப்புமுறையில் ரங்கநாதன் கொடுத்த ஓ31ஐயும் வைத்து அலமாரியில் அடுக்கிவிடலாம், ஆனால் அடுக்குவது வேறு, கேட்கிற சொல்லுக்குப் பதில் கொடுப்பது வேறு. தலைப்புச் சொல்லில் நியாயமும் இருக்கிறது. முன்னே தீண்டத்தகாதோர் என்ற பொருள்பட இருந்த தலைப்பை மாற்றித் தலித் என்று வைத்தார்கள். அந்தச் சொல்லை முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமே இல்லை.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். பின்லாந்து தேசிய நூலகம் அனிஃப் என்று ஒரு கருவி செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறது, புத்தகத்தின் உரையைக் கொடுத்தால் பொருந்தும் பொருள்தலைப்புகளை அது பரிந்துரைக்கும். காங்கிரஸ் நூலகமும் மின்னூல்களுக்குத் தானாகப் பதிவு உருவாக்கிப் பார்க்கும் சோதனைகளைச் செய்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தீனி ஏற்கெனவே மனிதர் செய்த நல்ல பதிவுகள். பின்லாந்தில் அது குவிந்து கிடக்கிறது. நம்மிடம் இருப்பதில் ஒரு பகுதி ரோமன் எழுத்தில், ஒரு பகுதி மெ-ள-னியாக, பொருள்தலைப்பு பெரும்பாலும் வெற்றாக. இதை வைத்துப் படித்த இயந்திரம் இதையேதான் திருப்பித் தரும், வேகமாகவும் ஏராளமாகவும் தரும். பழைய புத்தகத்தைப் படம் பிடித்து உரையாக்கலாம் என்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கின்றன, அங்கேயும் தடுமாறும். எனக்கு இதைவிடப் பயம், செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் தெரியாததைத் தெரியாது என்று விடாமல் பொருத்தமாகத் தோன்றும் ஒரு ஆண்டையோ ஐ.எஸ்.பி.என். எண்ணையோ இட்டு நிரப்பிவிடும் என்பது. அட்டை எழுதிய பழைய ஆள் ஆண்டு தெரியாவிட்டால் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறி ஒரு பெரிய மரியாதை.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஔகாரத்தைத் திருத்துவதற்குச் செயற்கை நுண்ணறிவே தேவையில்லை, சில வரி நிரல் போதும். ஒரே புத்தகத்துக்கு நான்கு பதிவு இருந்தால் சந்தேகப்படு என்று சொல்லவும், புணர்ச்சியில் மாறி நிற்கும் 'திருநெல்வேலிச் சரித்திரம்' போன்ற தலைப்புகளைத் 'திருநெல்வேலி' என்று தேடினாலும் காட்டவும் இயந்திரம் நல்ல துணை. பரிந்துரை அதனுடையது, ஒப்புதல் ஆளுடையது, இந்த வரிசை மாறக் கூடாது. பதிப்பாளர்களும் ஒரு கை கொடுத்தால் பாதி வேலை குறையும். மறு அச்சையும் மறுபதிப்பையும் பிரித்துச் சொல்லி, ஆசிரியரின் வேறு பெயர்களை உள்பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

தமிழ்ப் புத்தகத்துக்குப் பட்டியல் போடுவது நமக்குப் புதிதில்லை. ஜான் மர்டாக் 1865இலேயே அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி நெல்லைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர் வீடுகளில் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தார், 1889இல் அது அச்சில் வந்தது. எந்தக் கட்டில் என்ன இருக்கும் என்று கேட்டால் அந்த வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். பெரியவர் போய்விட்டால் கட்டைக் கரையான் தின்றாலும் என்ன போனது என்றுகூடத் தெரியாது.

அண்ணாச்சிக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். மூணாவது ரேக் ரெண்டாவது தட்டு என்று அவர் சொல்வது, இன்னார்தான் இன்ன பெயரில் எழுதினார் என்று அவர் வாய்விட்டுச் சொல்வது, இதையெல்லாம் இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி, ஆதாரம் கிடைக்கிற பெயர்களை விக்கிதரவிலும் கல்லூரிப் பட்டியலிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஆதாரம் கிடைக்காததை நோட்டில் பென்சிலால் மட்டும் குறித்துவைக்கிறோம். போன வாரம் ஔகாரம் தப்பாக விழுந்த பதிவுகளை மட்டும் பிரித்து எடுத்தோம். கௌரி, சௌந்தரம், மௌனம், பௌத்தம் என்று வரிசையாக வந்தன. பௌத்தத்தில் மட்டும் ஒரு தட்டு நிறைய, யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் இத்தனை வருஷம் நின்றிருந்த புத்தகங்கள். திருத்தி முடித்து அரைமணி நேரம் இருக்கும், எம்.ஏ. படிக்கிற ஒரு பெண் வந்து கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, அவற்றில் ஒன்றின் அலமாரி இடத்தைச் சொல்லும் கால் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ரேக் பக்கம் போனாள்.